இரண்டேகால் பேர் குடியிருக்கும் வீடு

இங்கிலாந்தில் 70 சதுர மீட்டர் பரப்புள்ள எந்த வீட்டின் கதவைத் தட்டினாலும் உள்ளே இரண்டேகால் பேர் இருப்பார்கள். ஐயம் வேண்டாம், அரசாங்கக் கணக்கு. நிஜத்தில் அங்கே கணவனை இழந்த மூதாட்டி ஒருத்தி தனியாக இருக்கலாம். லண்டனின் ஈஸ்ட் ஹாம் பக்கமென்றால் நம்மவர்கள் ஆறு பேர் முறைவைத்துத் தூங்கிக்கொண்டிருக்கலாம். கணக்குக்கு அதெல்லாம் பொருட்டில்லை. தரைப்பரப்பைச் சூத்திரத்தில் போட்டால் ஆள் எண்ணிக்கை தானாக வந்து விழும். 70 சதுர மீட்டருக்கு 2.25 மனிதர். அந்தக் கால் ஆள் யார், எந்த அறையில் படுக்கிறார் என்று இதுவரை யாரும் விசாரித்ததில்லை.

இவர்களைப் போல ஒழுக்கமான குடும்பத்தை எங்கும் பார்க்க முடியாது. வேலை நாட்களில் காலையில் 2 மணி நேரம், மாலை தொடங்கி 7 மணி நேரம் ஹீட்டர் போடுவார்கள். கூடத்தில் 21 டிகிரி, மற்ற அறைகளில் 18. ஒரு டிகிரி கூடாது, குறையாது. வேலை போகாது, நோய் வராது, ராத்திரி இரண்டு மணிக்குக் குழந்தை அழாது. பில் எவ்வளவு வந்தாலும் முகம் சுளிக்காமல் கட்டிவிடுவார்கள். வீடுகளுக்கான எரிசக்தித் திறன் சான்றிதழை அரசாங்கம் இந்தக் குடும்பத்தை மனத்தில் வைத்துத்தான் வழங்குகிறது. அந்த வீட்டில் வேறு யாரோ நடுங்கிக்கொண்டிருந்தால் அது அவர்களுடைய பிழை. சூத்திரத்துக்குப் பொருந்தாமல் பிறந்துவிட்டார்கள்.

ஐரோப்பிய ஒன்றியம் 2002-இல் போட்ட உத்தரவின் பேரன் இந்தச் சான்றிதழ். 2007-இல் இங்கிலாந்துக்கு வந்தது. வீடு விற்பவர்கள் வாங்குபவர்களுக்குக் கொடுக்க வேண்டிய தகவல் கட்டு ஒன்றை அப்போதைய அரசு கட்டாயமாக்கியிருந்தது. அந்தக் கட்டுக்குள் இதுவும் ஒரு தாள். 2010 மே மாதம் ஆட்சி மாறியது, கட்டு குப்பைக்குப் போனது, தாள் மட்டும் தப்பித்தது. பிறகு நாடே ஐரோப்பாவை விட்டு வெளியேறியது. இறையாண்மை, எல்லை, மீன்பிடி உரிமை என்று எதையெதையோ மீட்டு வந்ததாக மார்தட்டினார்கள். ஐரோப்பா கொடுத்த தாளை மட்டும் யாரும் திருப்பிக் கொடுக்கவில்லை. வீட்டை விற்கவும் வாடகைக்கு விடவும் இன்றும் அது வேண்டும். 'ஏ' முதல் 'ஜி' வரை ஏழு படி, நூறுக்கு இத்தனை என்று மதிப்பெண், பத்து வருட ஆயுள். பத்து வருடத்துக்குள் கூரை ஒழுகலாம், ஜன்னல் உளுத்துப் போகலாம். மதிப்பெண்ணுக்கு மூப்பு கிடையாது.

இது தயாராகும் விதத்தைச் சொல்ல வேண்டும். ஒரு மதிப்பீட்டாளர் வருவார். பாவம், அவரைத் திட்டிப் பயனில்லை. ஒரு நாளில் இன்னும் எத்தனையோ வீடு ஏறி இறங்கினால்தான் அவருக்குக் கட்டுப்படியாகும். அறைகளை அளப்பார், பாய்லரின் மாடலைப் படமெடுப்பார், பரணில் தலையை நீட்டி டார்ச் அடிப்பார். சுவருக்குள் வெப்பக் காப்பு இருக்கிறதா என்பதுதான் எல்லாவற்றிலும் முக்கியமான கேள்வி. ஆனால் சுவரைத் துளைத்துப் பார்க்க அவருக்கு அனுமதி இல்லை. வீடு எந்தக் காலத்தில் கட்டியது என்று பார்த்து, அந்தக் காலத்துச் சுவர் இப்படித்தான் இருக்கும் என்று மென்பொருள் முடிவுகட்டும். பிறகு சான்றிதழில் பக்கத்திலேயே அடைப்புக்குறிக்குள் 'அனுமானம்' என்று அச்சடித்தும் விடுவார்கள். இந்த நேர்மையை நான் மனமாரப் பாராட்டுகிறேன். அனுமானம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு, அதையே சான்றிதழ் என்று சொல்லிக் காசு வாங்கும் துணிச்சல் நம் ஊர் ஜோசியர்களுக்குக்கூடக் கிடையாது.

வாசலருகே அலமாரிக்குள் மீட்டர் ஒன்று ஓடிக்கொண்டிருக்கும். அந்த வீடு உண்மையில் எவ்வளவு எரிக்கிறது என்று தெரிந்த ஒரே சாட்சி அதுதான். அது என்ன வகை மீட்டர் என்று குறித்துக்கொள்வார்கள். என்ன காட்டுகிறது என்று கேட்கமாட்டார்கள்.

கேட்டுப் பார்த்தவர்கள் உண்டு. லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரி ஆய்வாளர்கள் எரிவாயுவால் சூடாகும் 1,374 வீடுகளின் மீட்டர் கணக்கைச் சான்றிதழோடு ஒப்பிட்டு 2023-இல் வெளியிட்டார்கள். 'சி' வீடுகள் தாளில் சொன்னதைவிட 8 சதவீதம் குறைவாக எரித்தன. 'எஃப்', 'ஜி' வீடுகள் 48 சதவீதம் குறைவாக எரித்தன. ஏறக்குறைய பாதி! ஏழைகள் ஹீட்டரைப் போடாமல் போர்வைக்குள் சுருண்டு கிடப்பதால் குறைந்திருக்கும் என்று நீங்கள் நினைக்கலாம். நானும் அப்படித்தான் நினைத்தேன். சான்றிதழ் அனுமானிக்கும் அதே சூட்டில் வீட்டை வைத்திருந்தவர்களை மட்டும் தனியே எடுத்துப் பார்த்தபோதும் இடைவெளி மூடவில்லை. கோளாறு குடியிருப்பவரிடம் இல்லை, கணக்கில் இருக்கிறது. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள். இங்கே அதைக் கறியாகவே பரிமாறி, உப்புப் போதுமா என்று வேறு கேட்கிறார்கள்.

தாளோடு நின்றிருந்தால் சிரித்துவிட்டுப் போகலாம். இதை வைத்துச் சட்டம் செய்தார்கள். 2018 ஏப்ரல் முதல் புதிதாக வாடகைக்கு விடும் வீடும், 2020 ஏப்ரல் முதல் ஏற்கெனவே வாடகைக்கு விட்டிருக்கும் வீடும் குறைந்தது 'இ' வாங்கியிருக்க வேண்டும். 38 மதிப்பெண் என்றால் 'எஃப்', வீடு சட்டவிரோதம். 39 என்றால் 'இ', வீடு மனிதர் வாழத் தகுந்தது. அந்த ஒற்றை மதிப்பெண்ணுக்கு இடையில் ஒரு தொழிலே செழிக்கிறது. சுவரைத் தொட வேண்டாம், ஈரத்தைத் துடைக்க வேண்டாம், நாலு எல்.இ.டி. பல்பு மாற்றினாலே கணக்கு நகரும். பல்பு வெளிச்சத்தில் சுவரின் கரும்பூஞ்சை முன்பைவிடத் தெளிவாகத் தெரியும் என்பது வாடகைதாரருக்குக் கிடைக்கும் உபரி நன்மை.

அதுவும் முடியாத வீட்டுக்காரருக்கு ஒரு புகலிடம் இருக்கிறது, விதிவிலக்குப் பதிவேடு. 3,500 பவுண்டு வரை செலவு செய்தும் வீடு 'இ' ஆகவில்லை என்று அவரே பதிந்துகொள்ளலாம். ஐந்து வருடம் யாரும் எதுவும் கேட்கமாட்டார்கள். விதியை மீறினால்? எல்லா மீறலும் சேர்த்து ஒரு வீட்டுக்கு அபராதம், அதிகபட்சம் 5,000 பவுண்டு. லண்டனில் அது எத்தனை மாத வாடகை என்று அங்கே குடியிருக்கும் உறவுக்காரரிடம் கேட்டுப் பாருங்கள். மூன்று மாதத்துக்கு மேல் சொல்லமாட்டார்.

அனுமானம் என்பது மென்பொருளில் மட்டும் இருக்கும் நோயல்ல. 2020 டிசம்பரில் ராச்டேல் நகரத்தில் இரண்டு வயதுக் குழந்தை ஒன்று இறந்தது. ஃபிளாட் முழுக்கப் பூஞ்சை. தகப்பன் மூன்று வருடமாக முறையிட்டிருந்தார். அந்தப் பூஞ்சையைத் தொடர்ந்து சுவாசித்ததால் வந்த மூச்சுக்கோளாறே சாவுக்குக் காரணம் என்று 2022 நவம்பரில் மரண விசாரணை அதிகாரி அறிவித்தார். வீட்டைச் சொந்தமாக வைத்திருந்த அமைப்பு பிறகு ஒன்றை ஒப்புக்கொண்டது. சூடானிலிருந்து வந்த அந்தக் குடும்பத்தின் வாழ்க்கைமுறைதான் ஈரத்துக்குக் காரணம் என்று அவர்கள் அனுமானித்துவிட்டார்களாம். இப்போது அந்தக் குழந்தையின் பெயரால் ஒரு சட்டம் இருக்கிறது. பூஞ்சை என்று புகார் வந்தால் இத்தனை நாளுக்குள் பார்க்க வேண்டும் என்கிறது. பார்க்க வேண்டும் என்று சொல்வதற்கே ஒரு பிணம் தேவைப்பட்டது.

ஆள்பவர்கள் எந்த வீட்டில் இருக்கிறார்கள் என்றும் பார்த்துவிடலாம். அரசுக் கட்டடங்களுக்கு வேறு ஒரு சான்றிதழ் உண்டு. அது அனுமானம் இல்லை, நிஜமாக எரித்ததைக் காட்டுவது, வருகிறவர்கள் கண்ணில் படும்படி சுவரில் ஒட்ட வேண்டியது. 2008-இல் அந்த வழக்கம் தொடங்கியபோது, சட்டம் இயற்றும் வெஸ்ட்மின்ஸ்டர் அரண்மனைக்குக் கிடைத்தது 'ஜி'. நாட்டின் கஜானாவைக் காக்கும் இங்கிலாந்து வங்கிக்கும் 'ஜி'. இது வேறு அளவுகோல், வீட்டுச் சான்றிதழோடு ஒப்பிடக் கூடாது என்று அதிகாரிகள் உடனே திருத்துவார்கள். திருத்தட்டும். மீட்டரைப் படித்தால் என்ன ஆகும் என்று அன்றே அவர்களுக்குத் தெரிந்துவிட்டது. தனியார் அலுவலகங்களிடமும் கடைகளிடமும் அந்த வேலையைக் கேட்கவே இல்லை.

ஆகவே வணிகக் கட்டடங்களுக்கும் அனுமானமே துணை. கற்பனையில் ஒரு கட்டடத்தைக் கட்டி, அதோடு நிஜக் கட்டடத்தின் வரைபடத்தை ஒப்பிட்டு எழுத்துத் தருகிறார்கள். ராத்திரி முழுக்க 30 மாடியில் விளக்கெரிந்தாலும், ஜனவரிக் குளிரில் ஆக்ஸ்போர்டு தெருக் கடைகள் கதவைத் திறந்துவைத்து வெப்பக் காற்றை நடைபாதைக்கு ஊதினாலும் எழுத்து மாறாது. கட்டடம் நல்ல கட்டடம்தான். உள்ளே இருப்பவர்கள்தானே கதவைத் திறந்தார்கள்! வாடகைக்கு வீடு கேட்டு வந்த ஏழைக்குப் பூஞ்சை அவனுடைய வாழ்க்கைமுறை. கடைக்காரனுக்குத் திறந்த கதவு வியாபார உத்தி. இப்படித்தான் செய்ய முடியும், வேறு வழியில்லை என்றும் சொல்ல முடியாது. ஆஸ்திரேலியாவில் பெரிய அலுவலகக் கட்டடத்தை விற்கவோ குத்தகைக்கு விடவோ வேண்டுமானால் பன்னிரண்டு மாதம் உண்மையில் எரித்த கணக்கின்படி நட்சத்திரம் வாங்கிக் காட்ட வேண்டும். 2010-லேயே சட்டம் போட்டுவிட்டார்கள். ஒரு காலத்தில் லண்டன் தன் கைதிகளை நாடுகடத்திய ஊர் அது. அங்கே மீட்டர் பார்க்கத் தெரிகிறது.

அரசாங்கத்தின் இடது கை செய்வதை வலது கை எப்படி அடிக்கிறது என்பதற்கு ஹீட் பம்ப் போதும். எரிவாயு பாய்லரைக் கழற்றிவிட்டு ஹீட் பம்ப் பொருத்துங்கள், உலகம் தப்பிக்கும், இந்தாருங்கள் 7,500 பவுண்டு மானியம் என்று ஒரு துறை கூவுகிறது. நம்பிப் பொருத்தினால் சான்றிதழ் மதிப்பெண் ஏறாமல் நிற்பதும் உண்டு, இறங்குவதும் உண்டு. ஏனென்றால் முகப்பில் இருக்கும் அந்த மதிப்பெண் எரிசக்தியையும் அளப்பதில்லை, புகையையும் அளப்பதில்லை. ஆகும் செலவை அளக்கிறது. மின்சாரத்தின் விலை அலகுக்கு எரிவாயுவைப் போல ஏறத்தாழ நாலு மடங்கு. அந்த விலையை அப்படி வைத்திருப்பதிலும் அரசாங்கத்தின் கொள்கைக்குப் பங்குண்டு. ஆக, பரிசும் அவர்களே தருகிறார்கள், பரிசு வாங்கியதற்காக மதிப்பெண்ணையும் அவர்களே குறைக்கிறார்கள்.

மானியங்களின் சரித்திரத்தை எழுதினால் தனிப் புராணமாகும். ஒன்றிரண்டு காண்டம் மட்டும். 2013-இல் பசுமைக் கடன் திட்டம் என்று ஒன்று கொண்டுவந்தார்கள். லட்சக்கணக்கான வீடுகள் வரிசையில் நிற்கப்போவதாக மேடையில் சொன்னார்கள். கடன் வாங்கியவை ஏறக்குறைய 14,000 வீடுகள். அரசு செலவழித்தது 24 கோடி பவுண்டு. தணிக்கை அலுவலகம் கணக்குப் போட்டபோது கடன் ஒன்றுக்குச் சராசரி 17,000 பவுண்டு வந்தது. அவ்வளவு பணத்தைக் கையில் கொடுத்திருந்தால் அவனவன் சுவரை வெள்ளியால் பூசியிருப்பான். 2020 இலையுதிர்காலத்தில் அடுத்த திட்டம், 150 கோடி பவுண்டு, ஆறு லட்சம் வீடு. ஆறு மாதத்தில் கடையை மூடினார்கள். வேலை நடக்கும் என்று மதிப்பிட்ட வீடுகள் 47,500. நிர்வாகச் செலவு மட்டும் 5 கோடி பவுண்டு. ஒரு வீட்டுக்கு ஆயிரம் பவுண்டுக்கு மேல் விண்ணப்பத்தைப் புரட்டிப் பார்க்கவே போயிற்று.

நடந்த வேலைகளாவது உருப்படியா என்றால், அதுதான் எல்லாவற்றையும்விடக் கேவலம். மின்சார, எரிவாயு நிறுவனங்கள் எல்லோருடைய பில்லிலிருந்தும் வசூலித்து ஏழைகள் வீட்டுக்கு வெப்பக் காப்புப் போட்டுத் தரும் திட்டத்தை 2025 அக்டோபரில் தணிக்கை அலுவலகம் ஆராய்ந்தது. வெளிச்சுவரில் காப்புப் பொருத்திய வீடுகளில் 98 சதவீதத்தில் பெரிய குறைபாடு. இருபத்தி இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகள். சரி செய்யாவிட்டால் ஈரமும் பூஞ்சையும் நிச்சயம். இத்தனைக்கும் தரவிதிப்படி ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு மதிப்பீட்டாளர், ஓர் ஒருங்கிணைப்பாளர், ஒரு வடிவமைப்பாளர், பொருத்துபவர், முடிந்தபின் சரிபார்ப்பவர் என்று ஐந்து பொறுப்பு உண்டு. ஐந்து கையெழுத்து. நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டுச் சுவரைக் கெடுக்க வேண்டுமென்றே ஒரு கும்பலை அனுப்பினாலும் இவ்வளவு கச்சிதமாக வேலை நடந்திருக்காது. ஒன்றிரண்டு பேர் சோம்பலில் நல்ல சுவரை விட்டுவைத்திருப்பார்கள்.

கிரென்ஃபெல் கோபுரத்தைப் பற்றி அங்கதம் எழுத எனக்குக் கை வரவில்லை, ஆனால் தாண்டிப் போகவும் முடியாது. மேற்கு லண்டனில் 24 மாடி, கவுன்சில் குடியிருப்பு. குளிர் தாங்கும் வீடாக்குகிறோம், பார்வைக்கும் அழகாக்குகிறோம் என்று வெளியே போர்வை போர்த்தினார்கள். வேலை 2016-இல் முடிந்தது. துத்தநாகத் தகட்டுக்குப் பதிலாக நடுவில் பாலிஎதிலீன் வைத்த அலுமினியத் தகட்டை மாற்றியதில் ஏறத்தாழ 3 லட்சம் பவுண்டு மிச்சம். 2017 ஜூன் 14 நள்ளிரவு தாண்டி, நாலாவது மாடியில் ஒரு ஃபிரிட்ஜில் பிடித்த தீ அந்தப் போர்வையைப் பற்றி உச்சி வரை ஏறியது. 72 பேர். மிச்சம் பிடித்ததை 72-ஆல் நீங்களே வகுத்துக்கொள்ளுங்கள். அந்தத் தகட்டுக்கும் சான்றிதழ் இருந்தது. அதற்குப் பின்னால் வைத்த காப்புப் பலகைக்கும் சோதனைக்கூடத்துத் தாள் இருந்தது. சோதனை முடிவுகளைத் தயாரிப்பாளர்கள் மறைத்ததையும் திரித்ததையும், சான்று வழங்கும் அமைப்புகள் அவர்கள் நீட்டியதை நம்பி முத்திரை குத்தியதையும் விசாரணை ஆணையத்தின் இறுதி அறிக்கை பக்கம் பக்கமாகச் சொல்கிறது. அதைச் சொல்லி முடிக்க 2024 செப்டம்பர் வரை, ஏழு வருடம் ஆயிற்று. தீ மேலே ஏற அரை மணி நேரம்கூட ஆகவில்லை.

இப்போது சீர்திருத்தம் வருகிறதாம். 'சி' வாங்காத வீட்டை வாடகைக்கு விடக் கூடாது என்று 2020-இல் ஒரு யோசனை வைத்தார்கள். புதுக் குடித்தனத்துக்கு 2025 கெடு. 2023 செப்டம்பரில் பிரதமர் ரிஷி சுனக் மேடையேறி, வீட்டுக்காரர்களின் பாரத்தை இறக்கிவிட்டேன் என்று அதைக் கைவிட்டார். குளிரில் இருப்பவரின் பாரம் பற்றி அன்று பேச்சில்லை. அடுத்து வந்த தொழிற்கட்சி அரசு கெடுவை 2030 என்று தூசு தட்டி எடுத்தது. கூடவே 2024 டிசம்பரில் இன்னொரு யோசனை: ஒரே எழுத்தால்தானே இவ்வளவு குழப்பம், இனி செலவுக்கு ஒன்று, சுவருக்கு ஒன்று, ஹீட்டருக்கு ஒன்று, வீட்டின் 'ஸ்மார்ட்' தயார்நிலைக்கு ஒன்று என நாலு எழுத்துத் தரலாம். ஒரு பொய் கைகொடுக்கவில்லை, நாலாகச் சொல்லிப் பார்ப்போம் என்பதை இதைவிட நாகரிகமாக எழுத முடியாது.

இவர்களுக்கு ஒரு வீட்டுக்குள் போய் மீட்டரைப் பார்க்கத் தெரியாது என்று மட்டும் எண்ணிவிடாதீர்கள். 2022 குளிர்காலத்தில் எரிவாயு விலை தலைக்குமேல் போனபோது, பில் கட்ட முடியாதவர்கள் வீட்டில் முன்பணம் போட்டால்தான் எரியும் மீட்டரை எரிசக்தி நிறுவனங்கள் பலவந்தமாக மாட்டின. நீதிமன்றங்கள் ஒரே அமர்வில், சில நிமிடங்களில், நூற்றுக்கணக்கான வாரண்டுகளுக்கு ஒப்புதல் தந்தன. பட்டியலில் இருந்தவர் யார், வீட்டில் எத்தனை பேர் என்று ஒருவரும் படித்துப் பார்க்கவில்லை. 2023 பிப்ரவரியில் ஒரு நாளேட்டின் நிருபர் மாறுவேடத்தில் மீட்டர் மாட்டப் போனவர்களோடு போய் எழுதியபோதுதான் நாடு அதிர்ந்தது: மனநோயோடு போராடுபவர், கைக்குழந்தையோடு இருக்கும் தாய், எல்லோருடைய வீட்டுக்குள்ளும் நுழைந்திருக்கிறார்கள். கொஞ்ச நாள் நிறுத்திவைத்தார்கள். 2024 ஜனவரியில் நிபந்தனைகளோடு மீண்டும் அனுமதி கொடுத்தார்கள். சுவருக்குள் காப்பு இருக்கிறதா என்று பார்க்க ஒரு துளை போடச் சட்டத்தில் இடமில்லாத அந்த வீடுகளுக்கு, கதவுப் பூட்டைத் துளைக்க ஆளும் கருவியும் நீதிபதியின் கையெழுத்தும் ஒரே காலையில் கிடைத்தன.